மூன்று காது கேட்ட பல்

வாகையேந்தலில் செத்துப்போன மாடுகள் வீடு திரும்ப ஆரம்பித்தது ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை, நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைகள் கஞ்சி குடிக்கக் கரையேறுவதற்குக் கொஞ்சம் முந்தி. ஐப்பசியும் பொய்த்து கார்த்திகையும் பொய்த்து கண்மாய் வாய்பிளந்து கிடந்த வருசம் அது. தூர் வாரிக்கொண்டிருந்த பூமயிலின் மண்வெட்டியில் ஒரு தாடை எலும்பு மாட்டியது. அவள் மறந்துவிட்டு வந்த வெற்றிலைப் பையைக் கொடுக்க வந்து நின்றிருந்த புருசன் சோணைமுத்துவிடம், "இந்தாங்க, உங்க சொந்தக்காரவுக" என்று கேலியாக எடுத்து நீட்டினாள்.

சோணைமுத்து மாட்டுத் தரகர். அறுபத்து மூன்று வயதில் நாற்பத்தைந்து வருசத்தைச் சந்தைகளில் மாட்டு வாய்க்குள் கையை விட்டே கழித்த மனுசன், ஒரு பல்லைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கலியாண வீட்டுப் பந்தியில்கூட எதிரே உட்கார்ந்து அப்பளம் கடிக்கிற ஆளின் வாயைப் பார்த்துவிட்டு "நமக்கு அம்பத்திரண்டா?" என்று கேட்டு வைப்பார். தாடையை வாங்கி, மண்ணைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, "மேல்வாயில முன்பல்லு இருந்தா கழுதை, குதிரைன்னு யோசிக்கலாம், இது கீழ்வாய்தான், எலும்பு மெலிசா இருக்கு, பசு, நாலு பல்லு, அஞ்சாவது இப்பத்தான் முட்டிக்கிட்டு நிக்கிது" என்று சுற்றி நின்ற பொம்பளைகள் கேட்கச் சொன்னார்.

அதே நேரத்தில் வடக்குத் தெருவில் தையல்காரர் வீரணன் வீட்டுத் தொழுவில், முப்பத்து நாலு வருசமாக முளைக்குச்சியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மாட்டுக்கயிறு விறைத்து நின்றது, முளைக்குச்சியில் சாத்தியிருந்த மோட்டார் பைக் குப்புற விழுந்தது, விழுந்த பைக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பசு 'ம்மா' என்று கூப்பிட்டது. வீரணன் தையல் மிசினிலிருந்து காலை எடுக்காமலே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், லட்சுமி வந்துருச்சு, தண்ணி காட்டு" என்று பொண்டாட்டிக்குக் குரல் கொடுத்தார்.

வந்தது மாடுதான், உடம்பு மட்டும் வரவில்லை. தொட்டியில் வைத்த தண்ணீர் உறிஞ்சிக் குறைந்தது, போட்ட வைக்கோல் கற்றை கற்றையாக மேலே ஏறிக் காணாமல் போனது, தொட்டால் வெதுவெதுப்பாக ரோமம் தட்டுப்பட்டது, ஈ கூட வந்து அந்தரத்தில் வரிசையாக உட்கார்ந்தது. சாயங்காலம் சாணி போட்டது. அந்தச் சாணி எல்லாச் சாணியையும் போலத்தான் இருந்தது என்பதை வீரணன் பொண்டாட்டி அள்ளி மோந்து பார்த்தே சொல்லிவிட்டாள், அதற்கப்புறம் யார் என்ன சந்தேகம் கேட்பது?

அந்த ஊர் மாட்டுக் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்து நாலு வருசத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் மேலக்கண்மாய் உடைந்து, தண்ணீர் தெருத்தெருவாகப் புகுந்து, தொழுவில் கட்டிக் கிடந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்க் கீழக்கண்மாய்க்குள் தள்ளி, மேலே இடுப்புயரத்துக்கு வண்டலைப் போட்டு மூடிவிட்டுப் போனது. மாடுகள் நூற்று முப்பத்தேழு. மனுசன் ஒரே ஒருத்தன், இருளாண்டி. சனங்கள் முளைக்குச்சியையும் கயிற்றையும் அவிழ்க்க மனசு வராமல் அப்படியே விட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் மாடு கட்டவில்லை. பால் பாக்கெட்டில் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, தொழுவுக்குள் பைக் வந்தது. சோணைமுத்து மட்டும் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போய்ப் பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வேலைத்தளத்தில் ஒரு முறை வந்துவிட்டது. எலும்பு அகப்பட்டால் மண்வெட்டியை நிறுத்த வேண்டும், சோணைமுத்துவைக் கூப்பிட வேண்டும், அவர் சொல்ல வேண்டும். சந்தையில் பல் சொல்வதற்கு, அதாவது பல்லைப் பார்த்து மாட்டின் வயசு சொல்வதற்கு, ஒரு வழக்கம் உண்டு: விற்கிறவன் ஒரு காது, வாங்குகிறவன் ஒரு காது, சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் ஒரு காது, இந்த மூன்று காதும் கேட்கச் சொன்னால்தான் அது பல். தனியாகச் சொன்னது பேச்சு, அவ்வளவே. கண்மாய்க்குள்ளும் அந்தச் சட்டம்தான் செல்லுபடியானது. மூன்று பேர் கேட்க உள்ளதை உள்ளபடி சொன்னால் மாடு வீடு வந்து சேர்ந்தது. தப்பாகச் சொன்னால் எலும்பு எலும்பாகவே கிடந்தது. மேலத்தெரு மாயழகு தனக்கு அகப்பட்ட எலும்பைக் கறவைப் பசுவென்று மூன்று நாள் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. சோணைமுத்து வந்து "கழுதைண்ணே" என்று சொன்ன மறுநொடி ஊர் எல்லையில் ஒரு கழுதை கத்திய கத்தலில் பொதுக்குழாயடியில் இரண்டு குடம் உடைந்தது.

நரிப்பல் ஒன்று அகப்பட்டது. சொன்னதும் வந்தது, போக வீடில்லாமல் சாயங்காலமானால் சுடுகாட்டுப் பக்கம் நின்று ஊளையிட்டது. நாய்ப்பல் ஒன்றைச் சொன்னதும் வந்த நாய், தான் கிடந்த குழியையே பார்த்து நாள்பூராவும் குரைத்தது. வண்டலுக்கும் கீழே, வெள்ளம் வருவதற்கு எத்தனையோ காலம் முந்திய செம்மண்ணில், அம்மிக்கல் தண்டிக்கு ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தபோது, இஸ்கூல் வாத்தியார் வந்து மூன்று காதுகளை நிறுத்தி "யானை" என்று சொல்லிப் பார்த்தார். வரவில்லை. வராததில் ஊருக்குச் சந்தோசம்தான், வந்தால் எங்கே கட்டுவது? சோணைமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல, தெரியாததைச் சொல்ல மாட்டேன்" என்று எடுத்த இடத்திலேயே வைத்து மூடச் சொன்னார். அன்றைக்கு அவர் பேர் இன்னும் ஒரு படி ஏறியது. சோணைமுத்து சொன்னால் பல்லே வாயைத் திறந்து சொன்ன மாதிரி என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள், அவரும் காதில் விழாத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஊர் இதற்குப் பழகிய வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். தெருவில் நடக்கும்போது மாட்டில் முட்டிக்கொள்ளாமல் இருக்க அவரவர் மாட்டின் முதுகில் பழைய சேலையை மடித்துப் போட்டார்கள். அதனால் காலையில் மேய்ச்சலுக்குப் போகும்போது சிவப்பும் பச்சையும் கட்டம்போட்டதுமாக நூறு சேலைகள் இடுப்புயரத்தில் அசைந்து அசைந்து போயின. பால் சங்கத்தில் தகராறு வந்தது. பால் பால்தான், பால்மானியில் டிகிரி சரியாக நின்றது. ஆனால் காதுவில்லை நம்பர் இல்லாத மாட்டின் பாலை எழுத வழியில்லை என்று செயலாளர் நாகசுந்தரம் கையை விரித்தார். "காதைக் காட்டுங்க, நானே குத்தி விடுறேன்" என்றார். வீரணன் தன் பசுவின் காதைப் பிடித்து நீட்டினார், நாகசுந்தரம் காற்றைத் தடவித் தடவிக் குத்தினார், மஞ்சள் வில்லை அந்தரத்தில் ஆடியது, பசு அவரை ஓர் உதை விட்டது, பிரச்சினை தீர்ந்தது. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் "மாடு எத்தனை?" என்று கேட்டால் தொழுவுக்குக் கூட்டிப்போய்க் கயிறுகளை எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. குளிப்பாட்டிவிட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசும்போதுதான் சனங்களுக்கே தெரிந்தது, வர்ணம் நிற்கிறது என்று. அன்று சாயங்காலம் மஞ்சள் வெயிலில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் சிவப்புக் கொம்பும் நீலக் கொம்பும் பச்சைக் கொம்புமாக ஜோடி ஜோடியாகக் காற்றில் மிதந்து வந்தன, அவற்றுக்குக் கீழே மாலைகள் ஆடின, அவற்றுக்கும் கீழே புழுதியில் குளம்புத் தடம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை, சின்னப்பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் நின்றன. சோணைமுத்துவும் நின்றார். அப்போதுதான் பஞ்சவர்ணம் வீட்டு வாசல் அவர் கண்ணில் பட்டது.

பஞ்சவர்ணம், வெள்ளத்தில் போன அந்த ஒரே மனுசன் இருளாண்டியின் பொண்டாட்டி. இருளாண்டியும் சோணைமுத்துவும் மாப்ள மாப்ள என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள், அந்த முறையில் அவள் இவருக்குத் தங்கச்சி. அந்த வீட்டில் உழவுமாடு ஒரு ஜோடி இருந்தது. இடத்து மாடு, அதாவது நுகத்தில் இடப்பக்கம் பூட்டுகிறது, மார்கழியிலேயே வந்துவிட்டது. வலத்து மாடு வரவில்லை. தொழுவில் ஒரு கயிறு விறைத்தும் ஒரு கயிறு தொங்கியும் கிடந்தன. வந்த மாடு தினமும் வலப்பக்கம் இடம் விட்டே படுத்தது. பொங்கலன்று அவள் இரண்டு கொம்புக்கு வர்ணம் பூசிவிட்டு, மிச்ச வர்ணத்துக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். சோணைமுத்துவைப் பார்த்ததும், "அண்ணே, எங்க வீட்டு இன்னொண்ணு ஆப்டலையா?" என்று கேட்டாள்.

"ஆப்டும் ஆத்தா, எங்க போயிரப் போகுது" என்றார் அவர். சொல்லிவிட்டு அந்த வாசலைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். அந்த வலத்து மாட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

தை பத்தாம் தேதி, மடைக்குப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில், பஞ்சவர்ணத்தின் மண்வெட்டியிலேயே அது வந்தது. இருளாண்டி வண்டியின் நுகத்தடி துருப்பிடித்த பூணோடு பக்கத்தில் கிடந்ததால் எந்த மாடு என்பதில் சந்தேகமே இல்லை. அவள் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளை அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை. வேலை நின்றது, அறுபது பேர் வளைத்து நின்றார்கள்.

சோணைமுத்து தாடையை வாங்கினார். எட்டுப் பல்லும் வரிசையாக, ஒரே மட்டத்தில், உச்சி தட்டையாக இருந்தன. தட்டையின் மேல் குறுக்காக மெலிசான கீறல்கள். மற்றவர்களுக்கு அது மண் உரசின தழும்பாகத் தெரிந்திருக்கும். அவருக்குத் தன் கையெழுத்தைப் பார்த்தது போல இருந்தது. அரத்தை வலமிருந்து இடமாக இழுப்பது அவர் பழக்கம்.

நடந்தது இதுதான். அந்த வருசம் இருளாண்டியின் ஜோடியில் ஒன்று நோவில் போய்விட்டது, உழவு நேரம். "மூணே நாள்ல இளமாடா கொண்டாந்து தொழுவுல கட்டுறேன்டா மாப்ள" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியிருந்தார் சோணைமுத்து, அப்போது இருபத்தொன்பது வயசு, மீசை முறுக்குகிற வயசு. மூன்று சந்தை அலைந்தும் இளமாடு அமையவில்லை. பார்வைக்கு வாட்டசாட்டமாக ஒரு கிழமாடுதான் கிடைத்தது, பல் தேய்ந்து, இடைவெளி விட்டு, ஒன்று நீட்டமும் ஒன்று கட்டையுமாக. வெறுங்கையோடு ஊருக்குள் போவதற்கு வெட்கப்பட்டு, வழியில் ஒரு புளியமரத்தடியில் மாட்டைச் சாய்த்துப் போட்டு, வாயைக் கட்டையால் பிளந்து வைத்து, அரத்தால் ராவி மட்டம் பண்ணினார். "இப்பத்தான் கடைப்பல்லு சேர்ந்திருக்கு மாப்ள, நாலரை வயசு" என்று சொல்லிக் கட்டினார். இருபது நாளில் கண்மாய் உடைந்தது.

இப்போது அறுபது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உழவுமாடு," என்றார். "இப்பத்தான் கடை சேர்ந்திருக்கு. நாலரை வயசு."

கரையில் நின்ற பஞ்சவர்ணத்தின் மருமகள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அத்தை, கயிறு தொங்கிக்கிட்டேதான் இருக்காம்" என்று கத்தினாள்.

கூட்டம் முணுமுணுத்தது. சோணைமுத்து சொல்லி ஒரு பல் வராமல் போனது அதுதான் முதல் தடவை. தூசி, வெயில், கண் மங்கல் என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். மறுநாள் மறுபடி பார்த்து, "ஆறு பல்லு, ஓரத்து ரெண்டும் இன்னும் முழுசா ஏறல" என்று சொன்னார், அது இன்னும் பெரிய பொய். கயிறு தொங்கியது. பஞ்சவர்ணம் எலும்பை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய் மண் சுமந்தாள்.

மூன்றாம் நாள் வேறொரு தந்திரம் பண்ணினார் மனுசன். கஞ்சி நேரம் எல்லோரும் கரையேறியதும், நிழலில் பஞ்சவர்ணம் வைத்துவிட்டுப் போன எலும்பை எடுத்து, யாருமில்லாத மடையடியில் உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னார். எலும்பு லேசாகச் சுட்டது, பிறகு ஆறிவிட்டது. தனியாகச் சொன்னது பேச்சுதான், பல் இல்லை. சரி, மூன்று காதுதானே வேண்டும் என்று, வேப்பமரத்துத் தூளியில் கிடந்த ஒரு கைப்பிள்ளையை ஒரு காதாகவும், காது மந்தமான கோட்டையனை ஒரு காதாகவும், தன்னுடையதை ஒரு காதாகவும் கணக்குப் பண்ணிக்கொண்டு, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கோட்டையன் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னப்பா சொல்ற, சத்தமாச் சொல்லு" என்றார். சத்தமாகச் சொல்லத்தானே அவருக்கு வாய் வரவில்லை! "ஒண்ணுமில்லண்ணே, வெயிலு சாஸ்தின்னேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் பூமயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீகளா? அன்னைக்கு நீங்க அரத்தைக் கழுவினப்போ தண்ணி எடுத்து ஊத்துனவளே நான்தான். பல்லுத்தூளு வாடை எனக்குத் தெரியாதா?"

"நீ ஏன்டி இத்தனை வருசமா கேக்கல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். முப்பத்து நாலு வருசமா அதே நெனப்புலதான் இருக்கேன்." அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடியில் போட்டாள். "நாளைக்கு நானே மூணு பேருக்கு முன்னால சொல்லிப்புடுவேன், மாடு வந்துரும். ஆனா நீங்க எங்க போயி நிப்பீக?"

சோணைமுத்து திண்ணையில் போய் உட்கார்ந்தார். பயந்தார், அதுதான் உண்மை. அடியைக் கண்டு பயப்படவில்லை, வழக்கைக் கண்டு பயப்படவில்லை. நாற்பத்தைந்து வருசமாக ஊர் ஊராகச் சந்தைக்குள் நுழைந்ததும் "சோணை வந்தாச்சு, இனிப் பல்லுக்குப் பஞ்சாயத்து இல்ல" என்று ஒரு குரல் எழும்புமே, அந்தக் குரலைத்தான் விட முடியவில்லை. அதைத் தவிர அவரிடம் வேறென்ன இருந்தது?

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் பஞ்சவர்ணமே அவரைத் தேடி வந்து, ஆலமரத்தடியில் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, நீங்க கஷ்டப்பட வேணாம். உங்க பல்லுல குத்தம் இல்ல. அது என் வீட்டுக்கு வர மாட்டேங்குது."

"என்ன ஆத்தா சொல்ற?"

"யாருகிட்டயும் சொன்னதில்லண்ணே. அந்த மாசம் எம்மவனைப் பெத்து எந்திரிச்ச ஒடம்பு. பருத்திக்கொட்டை ஆட்ட முடியல, பச்சைப்புல்லு அறுக்க முடியல, வெறும் வைக்கோலை அள்ளிப் போட்டேன். இடத்து மாடு தின்னுச்சு. இது மோந்து மோந்து பார்த்துட்டு விட்டுரும். நானும் திமிருன்னு விட்டேன். தண்ணி வந்த அன்னைக்கு வண்டியில எங்களை ஏத்திக்கிட்டு வந்தாரு, ஓடையில இது முட்டி போட்டுப் படுத்துருச்சு. என்னையும் பிள்ளையையும் கரையில ஏத்தி விட்டுட்டு, 'நீ போடி, இது இளமாடு, செத்த நேரம் மூச்சு வாங்கிட்டு எந்திரிச்சுரும், சோணை தந்த மாடு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு." அவள் மூக்கைச் சிந்தினாள். "எந்திரிக்கல. இளமாடு ஏன் படுக்குது, பட்டினி போட்டுக் கொன்ன வீடுன்னு ஊரே சொல்லுச்சே, சரியாத்தானே சொன்னாக? நான் ஒரு கை பருத்திக்கொட்டை போட்டிருந்தா அது எந்திரிச்சிருக்கும். அவரும் எந்திரிச்சு வந்திருப்பாரு. அந்தக் கோவம்தான் அதுக்கு. இந்த எலும்பைப் பொதைச்சுருவோம்ணே, வேற யாரும் பாக்க வேணாம்."

எலும்பை அவர் கையில் வைத்தாள். சோணைமுத்துவின் கட்டைவிரல் அந்தக் கீறல்களின் மேல் ஒரு தடவை போய் வந்தது. 'சோணை தந்த மாடு.' செத்தவன் கடைசியாகச் சொன்ன சொல்லில் தன் பேர் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டார், அதுவரை தான் எதைக் காப்பாற்றிக்கொண்டு நின்றோமோ அந்தப் பேர்தான் அவனைத் தண்ணீருக்குள் பிடித்து நிறுத்தியது என்பதும் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"எல்லாரும் வாங்க!" என்று கத்தினார். சந்தையில் கத்துகிற குரல், ஊர்க்கோடி வரை கேட்கும். "பேர் கூப்புடுறதை நிறுத்து. மாயழகண்ணே, வீரணா, எல்லாரும் வாங்க. கோட்டையண்ணே, நீங்களும் வாங்க, உங்களுக்கும் கேக்குற மாதிரிச் சொல்றேன்."

வந்தார்கள். வேட்டியை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எலும்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இது கிழமாடு. பதினாலு வயசுக்குக் கம்மியில்ல. தேஞ்சு போயி, சந்து விட்ட பல்லு. வைக்கோலை மெல்லாது, தவிட்டைக் கரைச்சு ஊத்துனாத்தான் குடிக்கும். இதை நாலரை வயசுன்னு சொல்லி எம் மாப்ள இருளாண்டி தொழுவுல கட்டுனவன் நான். பல்லை அரத்தால ராவுனவன் நான். இந்தா பாருங்க, வலமிருந்து இடமா இழுத்த கோடு, என் கை." மூச்சு வாங்கினார். "தங்கச்சி மேல ஒரு குத்தமும் கெடையாது. அவ தங்கத்தையே அரைச்சு ஊத்தியிருந்தாலும் அது அந்த ஓடையில எந்திரிச்சிருக்காது. இளமாடுன்னு நம்பி நின்னான் எம் மாப்ள. நான் சொன்னதை நம்பி நின்னான்."

எலும்பைக் கீழே இறக்கினார். பிறகு தெருப்பக்கமிருந்து ஒரு மாடு கூப்பிட்டது, தொண்டை கட்டிய, நடுங்குகிற, கிழட்டுக் குரல். அதற்குப் பதிலாக இன்னொன்று, இளங்குரல், கூப்பிட்டது. போன் அடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பஞ்சவர்ணம் அவரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்து போனாள்.

மற்றவர்கள் சும்மா விடுவார்களா? "அட பாவி மனுசா" என்றார் மாயழகு. பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக மண்ணை வாரித் தூற்றினார்கள். "அப்ப எங்க லட்சுமி நாலு பல்லுதானா, இல்ல அதுவும் புளுகா?" என்று வீரணன் சட்டையைப் பிடித்தார், பசு வந்து நின்று ஒரு மாசம் பால் கறக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பக்கத்துச் சந்தைகள் வரைக்கும் சேதி போய்விட்டது. அன்றிலிருந்து சோணைமுத்துவை யாரும் பல்லுக்குக் கூப்பிடவில்லை. மிச்ச எலும்புகளைப் பூமயில்தான் பார்த்துச் சொன்னாள், இத்தனை வருசம் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. அவள் சொன்னதுக்கும் மாடுகள் வந்தன.

மாடு வந்த அன்றைக்கே உச்சிப்பொழுதில் சோணைமுத்து ஒரு வாளி நிறையத் தவிட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து, புண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்து போட்டு, தூக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுத் தொழுவுக்குப் போனார். போகாதீர்கள் என்று யாராவது தடுத்திருந்தால் திரும்பியிருப்பார், யாரும் தடுக்கவில்லை. தொழுவில் இரண்டு கயிறும் விறைத்து நின்றன. பஞ்சவர்ணம் வலப்பக்கத்துக் கயிற்றுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கையால் அந்தரத்தில் எதையோ அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையை மாட்டின் வாய்க்குள் விட்டு, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தொட்டாள். அவர் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதை வச்சுக்கிட்டு வைக்கோலை எப்படிண்ணே மென்னுருக்கும்?" என்றாள், மாட்டிடம் பேசுகிற குரலில்.

"மென்னுருக்காது ஆத்தா."

"மோந்து மோந்து பாத்துச்சே. திமிருன்னு நினைச்சேனே, பாவம்." அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "வாளியை வச்சுட்டுப் போங்க. உங்க முகத்தை என்னால பாக்க முடியல."

அவர் வாளியை வைத்தார். மாடு வாளிக்குள் வாயை வைத்தது, தவிட்டுத் தண்ணீர் வட்டமாகச் சுழித்துக் கீழே இறங்கியது. அவள் அது குடித்து முடிக்கிற மட்டும் நின்று பார்த்தாள், வாளி காலியாகி அடியை நக்குகிற சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போனாள். சோணைமுத்துவுக்குப் போகக் கால் வரவில்லை. வாளியைக் கழுவுகிற சாக்கில் தொழுவுக்குள்ளேயே நின்றார்.

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மருமகள் ஒரு கரண்டி சோறு போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, வழக்கம்போலச் சட்டியை மூடித் தூக்கப் போனாள். அவள் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினொரு வருசம், மாமியாருக்குப் பகலோ ராத்திரியோ ஒரு கரண்டிதான். பொங்கலானாலும் சரி, பேரன் காதுகுத்தானாலும் சரி, இன்னும் கொஞ்சம் என்று கரண்டியை நீட்டினால், "ஒரு வாயில்லாச் சீவனை அரைவயித்துல நிறுத்துன கை இது, போதும்" என்று தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். எந்தச் சீவன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்ற பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது. "இன்னொரு கரண்டி போடு."

மருமகள் சட்டியைப் பிடித்தபடியே நின்றிருக்க வேண்டும்.

"என்னடி பாக்குற? பசிக்குது. போடு."

கரண்டி சட்டியில் பட்டது. சோணைமுத்து வாளியைக் கீழே வைத்துவிட்டு, தொழுவின் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உள்ளே பஞ்சவர்ணம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.